காந்தச் சிறையின் கடைசிச் சில சென்டிமீட்டர்



சிரம்பானில் அணுக்கரு இணைவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த மாநிலத்துச் செம்பனை ஆலைகளில் பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் போட்டு எரித்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுற்ற வைத்துத்தான் ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை எடுக்கிறார்கள். போர்ட்டிக்சனில் துவாங்கு ஜாபார் மின்நிலையம் இயற்கை எரிவாயுவை எரிக்கிறது. நாளை ஓர் இணைவு உலை வந்தாலும் அதன் கடைசிப் பகுதியில் இதே நீராவியும் இதே டர்பைனும்தான் இருக்கும். மாறப்போவது அடுப்பு மட்டுமே. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களில் பலர், லயத்தில் ஜெனரேட்டர் ஓடிய சில மணி நேரத்துக்குள் பாடம் படித்து முடித்தவர்கள். அடுத்த அடுப்பு எது, அது எப்போது பற்றும், இப்போது ஏன் பற்றவில்லை என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு ஹைட்ரஜன் வகைகளின் கருக்கள் ஒன்றாகும்போது ஒரு ஹீலியம் கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. கூடவே 17.6 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் வெளியே கொண்டுபோய்விடும். அதைத்தான் நீரைக் கொதிக்க வைக்கப் பயன்படுத்தலாம். மிச்சம் ஹீலியத்திடம் தங்கி எரிபொருளைச் சூடாகவே வைத்திருக்கும். 2023இல் இங்கிலாந்தில் இயங்கிய ஜெட் (JET) என்ற இணைவு இயந்திரம் ஒரே முறை இயங்கி 69 மெகாஜூல் ஆற்றலைத் தந்தது. அதற்குச் செலவான எரிபொருள் ஏறத்தாழ 0.2 மில்லிகிராம். நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால் சுமார் 19 யூனிட்டுக்கு ஈடான வெப்பம், கண்ணுக்கே தெரியாத ஒரு துளி எரிபொருளிலிருந்து.

இதற்கு எரிபொருளை ஏறத்தாழ 15 கோடி டிகிரி வரை சூடாக்க வேண்டும். சூரியனின் நடுப்பகுதி வெறும் ஒன்றரைக் கோடிதான். அந்த வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரிந்து பிளாஸ்மாவாகின்றன. இரண்டுக்கும் மின்னூட்டம் இருப்பதால் அவை காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடியே நகரும், கோட்டை விட்டு எளிதில் விலகா. 1950களில் டாம், சகாரவ் என்ற சோவியத் அறிஞர்கள் இந்தக் கோடுகளை ஒரு வளையத்துக்குள் மூடிவிடும் அமைப்பை முன்வைத்தார்கள். அதுதான் டோக்காமாக். 1968இல் மாஸ்கோவின் டி-3 இயந்திரம் எட்டியதாகச் சொன்ன வெப்பநிலையை மேற்கு நாட்டவர் முதலில் நம்பவில்லை. மறு ஆண்டு இங்கிலாந்தின் கல்ஹாம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குழு தன் லேசர் கருவியோடு மாஸ்கோவுக்கே போய் அளந்து, உண்மைதான் என்று சொன்னது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வுகளில் இது ஒன்று.

இனி இன்றைய பொருளுக்கு வருகிறேன். பிளாஸ்மாவை எப்படிச் சூடாக்குவது என்பது பெருமளவு தீர்ந்துவிட்ட கேள்வி. சூடேறிய பிளாஸ்மா எந்த வழியாக ஒழுகிப் போகிறது என்பதுதான் இன்னும் தீராதது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் இயந்திரத்தில் நடுவிலிருந்து பிளாஸ்மாவின் விளிம்பு வரை 2 மீட்டர்தான். அந்த 2 மீட்டருக்குள் 15 கோடி டிகிரி, ஓர் உலோகச் சுவர் தாங்கும் அளவுக்கு இறங்க வேண்டும். இந்த இறக்கம் எல்லா இடத்திலும் ஒரே சரிவாக இல்லை. கடைசிச் சில சென்டிமீட்டரில்தான் செங்குத்தாக விழுகிறது. இங்கே நடப்பதுதான் முழு இயந்திரத்தின் தலையெழுத்தையும் தீர்மானிக்கிறது.

துகள்கள் ஒன்றோடொன்று மோதி, கோடு விட்டுக் கோடு மெதுவாகத் தாவிக் கசிகின்றன என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கசிவு மிகச் சிறியதாக வரும். அளந்து பார்த்தால் எலெக்ட்ரான்கள் எடுத்துச் செல்லும் வெப்பம் அந்தக் கணக்கைப் போலப் பல பத்து மடங்கு. இந்த முரண்பாடு பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் பணியில் காந்தப்புலத்துக்குள் இருந்த மின்வில்லை ஆராய்ந்த டேவிட் போம், கசிவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று கண்டார். காரணம் மோதல் அல்ல. பிளாஸ்மா கொந்தளிக்கிறது.

ஆலைப் புகைபோக்கியை நினைத்துப் பாருங்கள். காற்று அசையாத விடியற்காலையில்கூடப் புகை நேர்க்கோடாகப் போவதில்லை. விளிம்பில் சுருள் சுருளாக மடங்குகிறது. சில நேரம் ஒரு பெரிய துண்டு மொத்தமாகப் பிய்ந்துகொண்டு தனியே மிதந்து போகிறது. புகை மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பரவி அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் நாள்கணக்காகும். சுருள்கள் அதைச் சில நொடிகளில் செய்துவிடுகின்றன. பிளாஸ்மாவின் விளிம்பிலும் வெப்பத்தைச் சுமந்து போவது இத்தகைய சுருள்கள்தான். அவற்றின் அளவு மில்லிமீட்டரிலிருந்து சென்டிமீட்டர் வரை, ஆயுள் ஒரு வினாடியின் லட்சத்தில் சில பங்கு.

சுருள்கள் ஏன் பிறக்கின்றன? இதன் வேரைத் தேடிப் போனால் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் வரும். லாகூரில் பிறந்து சென்னையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரை விண்மீன்களுக்காகவே உலகம் நினைவு வைத்திருக்கிறது. ஆனால் அவர் சிகாகோவில் பிளாஸ்மா இயற்பியல் பாடம் நடத்தினார். அந்தப் பாடக் குறிப்புகள் 1960இல் நூலாக வந்தன. மறு ஆண்டு, பாய்மங்களும் காந்தப்புலத்துக்குள் இருக்கும் பாய்மங்களும் எப்போது நிலைகுலைகின்றன என்பதைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளியானது. கனமான பாய்மம் மேலேயும் இலேசானது கீழேயும் இருந்தால் எல்லைப் பரப்பில் ஒரு சிறு நெளிவுகூட வளர்ந்து விரல் விரலாக நீண்டு இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அதை ஈர்ப்பு விசை செய்கிறது. டோக்காமாக்கில் ஈர்ப்பின் இடத்தைக் காந்தக் கோடுகளின் வளைவு எடுத்துக்கொள்கிறது. வளையத்தின் வெளிப்பக்கத்தில் இந்த வளைவு அடர்த்தியான பிளாஸ்மாவை வெளியே தள்ளுகிறது. உட்பக்கத்தில் அதே தள்ளுதல் பிளாஸ்மாவின் நடுவை நோக்கிப் போவதால் தீங்கில்லை. அதனால்தான் கொந்தளிப்பு எந்த டோக்காமாக்கிலும் வெளிப்பக்கத்தில் வலுத்தும் உட்பக்கத்தில் அடங்கியும் இருக்கிறது.

இதை யாரும் சும்மா ஊகித்துச் சொல்லவில்லை. பல நாட்டவர் அளந்தார்கள். அந்த அளவீடுகளில் நான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புவது குஜராத்தில் நடந்தது.

பிரெதிமன் காவ் பதினெட்டு வயதிலேயே டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வேலை பார்த்துவிட்டு இந்தியா திரும்பினார். 1982இல் அகமதாபாத்தில் பிளாஸ்மா இயற்பியல் திட்டம் தொடங்கியது. 1986இல் அது காந்திநகருக்கு அருகே பாட் கிராமத்தில் பிளாஸ்மா ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. காவ் அதன் முதல் இயக்குநர். அங்கே இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டோக்காமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஆதித்யா என்று பெயர். வளையத்தின் நடுவிலிருந்து பிளாஸ்மாக் குழாயின் மையம் வரை 75 சென்டிமீட்டர், குழாயின் ஆரம் 25 சென்டிமீட்டர். ஒரு நடுத்தர அறைக்குள் அடங்கும் வளையம். பிளாஸ்மா நீடித்தது ஏறத்தாழ ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு. அந்த நாளின் ஜெட் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

ஆனால் விளிம்பை ஆராய்வதற்கு அந்தச் சிறுமையே வசதியாக அமைந்தது. விளிம்பில் வெப்பநிலை ஒன்றிரண்டு லட்சம் டிகிரி. கேட்க அதிகமாகத் தோன்றினாலும் பிளாஸ்மா அவ்வளவு அடர்த்தியற்றது, நேரமும் அவ்வளவு குறைவு. ஆகவே ஒரு மெல்லிய உலோகக் கம்பியை விளிம்புக்குள் நேராக நீட்டலாம், அது உருகாது. இதைத்தான் லாங்மியூர் சலாகை என்கிறார்கள். இர்விங் லாங்மியூர் 1920களில் உருவாக்கிய கருவி. கம்பிக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் அதன் மேல் வந்து விழும். அந்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் அந்த இடத்துப் பிளாஸ்மாவின் அடர்த்தி ஏறி இறங்குவதைக் காட்டும். பெரிய இயந்திரத்தின் சூடான உள்பகுதியில் இப்படிக் கம்பி நீட்ட முடியாது. விலை குறைந்த இந்தக் கருவியைக் கொண்டு, இந்தச் சிறு இயந்திரத்தில், உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியைக் கேட்க முடிந்தது.

ஏற்ற இறக்கத்தை அளந்தால் போதாது, அதன் புள்ளியியலையும் பார்க்க வேண்டும். பல்லாயிரம் சிறு தூண்டல்கள் ஒன்றையொன்று சாராமல் கூடினால் வரும் வரைபடம் மணி வடிவம் என்று உங்கள் கணித ஆசிரியர் சொல்லியிருப்பார். நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் மிக விரைவாகத் தேய்ந்துபோகும். அப்படிப்பட்ட உலகில் மிகப் பெரிய நிகழ்வு என்பது அநேகமாக நடக்கவே நடக்காது. ஆர். ஜா, காவ், மட்டூ, ராவ், சக்சேனா ஆகியோரும் ஆதித்யா குழுவும் 1992இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் முன்னணி இதழில் வெளியிட்ட கட்டுரை காட்டியது வேறு. விளிம்பின் ஏற்ற இறக்கம் மணி வடிவில் இல்லை. அதன் வால் நீண்டிருந்தது. நீண்ட நேரம் அடங்கியிருந்துவிட்டுத் திடீரென்று ஒரு பெரிய வீச்சு, மறுபடி அமைதி, மறுபடி ஒரு வீச்சு. விட்டுவிட்டு வரும் இந்த வெடிப்புத் தன்மைக்கு டோக்காமாக் விளிம்பில் சான்று காட்டிய தொடக்கக்கால ஆய்வுகளில் இது ஒன்று.

இதன் பொருளை நிதானமாகப் பாருங்கள். அதுவரை பலர் கசிவை ஒரு சீரான ஊறலாக நினைத்து, அதற்கு ஒரு சராசரி எண்ணைக் கொடுத்துக் கணக்குப் போட்டார்கள். ஊறல் என்றால் சராசரி போதும். வீச்சு என்றால் போதாது. சுவரைச் சேதப்படுத்துவது சராசரியல்ல, எப்போதாவது வரும் அந்தப் பெரிய வீச்சுதான். வெள்ளம் வராத நாட்களின் சராசரி நீர்மட்டத்தை வைத்துப் பாலத்தின் உயரத்தை யாரும் முடிவு செய்வதில்லை.

கால்டெக்கின் சிறு டோக்காமாக்கில் ஸ்டூவர்ட் ஸ்வெபென் 1980களிலேயே பல சலாகைகளை வைத்து, அடர்த்தி தனித்தனித் திரள்களாக நகர்வதைக் கண்டிருந்தார். அந்தத் திரள் ஏன் சுவரை நோக்கி ஓடுகிறது என்பதற்கு 2001இல் செர்கேய் கிரஷெனின்னிகோவ் ஓர் எளிய விளக்கம் தந்தார். வளைந்த காந்தப்புலத்தில் அயனிகள் மேலாகவும் எலெக்ட்ரான்கள் கீழாகவும் (அல்லது மாறாகவும்) விலகும். அதனால் திரளின் ஒரு முனையில் நேர்மின்னூட்டமும் மறுமுனையில் எதிர்மின்னூட்டமும் தேங்கும். இரண்டுக்கும் இடையே மின்புலம் உண்டாகும். காந்தப்புலத்துக்குள் மின்புலம் இருந்தால் பிளாஸ்மா இரண்டுக்கும் செங்குத்தான திசையில் நகரும். அந்தத் திசை சரியாக வெளிப்பக்கம். திரள் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொள்கிறது, ஒரு வினாடிக்குச் சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரையான வேகத்தில். காந்திநகரில் நிர்மல் பிசாய், அமிதா தாஸ், அபிஜித் சென் உள்ளிட்டோர் 2005இல் இதைக் கணினியில் செய்து காட்டினார்கள். எம்ஐடியிலும் பிரின்ஸ்டனிலும் விளிம்பில் சிறிது வாயுவை ஊதி, அது ஒளிர்வதை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். திரள்கள் பிய்ந்து ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சான் டியேகோவின் டோக்காமாக்கில் அளந்தபோது விளிம்பிலிருந்து வெளியேறும் துகள்களில் ஏறத்தாழ பாதி இத்தகைய வீச்சுகளில்தான் போயின.

இனிமேல் வருவது மகிழ்ச்சியான செய்தி. கொந்தளிப்பை அடக்கவும் வழி உண்டு, அதையும் பிளாஸ்மாவே காட்டிக்கொடுத்தது. 1982இல் ஜெர்மனியின் கார்ச்சிங் நகரில் அஸ்டெக்ஸ் இயந்திரத்தில் ஃபிரிட்ஸ் வாக்னர் குழுவினர் பிளாஸ்மாவைக் கூடுதலாகச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவர்கள் அனுபவம், சூட்டை ஏற்ற ஏற்றப் பிளாஸ்மா வெப்பத்தைத் தக்கவைக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும் என்பது. திடீரென்று ஒரு கட்டத்தில் அந்த நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானது. விளிம்பில் ஒரு மெல்லிய தடுப்பு தானே எழுந்து நின்றது. காரணம் பின்னர் புரிந்தது. விளிம்பில் ஆரத் திசையில் ஒரு மின்புலம் வலுத்து, அடுத்தடுத்த அடுக்குகளை வெவ்வேறு வேகத்தில் சுழல வைக்கிறது. வெளிநோக்கி நீளும் சுருள், இரண்டு அடுக்குகளின் வேக வேறுபாட்டில் அகப்பட்டு இழுபட்டுக் கிழிந்துவிடுகிறது. வெப்பத்தைச் சுமந்து போகும் முன்பே அதன் கதை முடிகிறது. இதைவிட வியப்பு, அந்த வேக வேறுபாட்டின் ஒரு பகுதியைக் கொந்தளிப்பே ஊட்டி வளர்க்கிறது. ஈட்டர் இந்த நிலையை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டது. இது இல்லையென்றால் 500 மெகாவாட் எடுக்க இன்னும் மிகப் பெரிய இயந்திரம் தேவைப்பட்டிருக்கும்.

தடுப்புக்கும் விலை உண்டு. விளிம்பில் அழுத்தம் செங்குத்தாக ஏறியதும் அது தாங்காமல் சில நேரம் மொத்தமாகச் சரிகிறது. அப்போது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பெரும் வெப்பம் சுவரில் கொட்டுகிறது. சிறிய காந்தப்புலங்களைப் பிளாஸ்மாவுக்கு வெளியிலிருந்து குறுக்கே கொடுத்து இந்தச் சரிவைத் தடுக்கலாம் என்பதால் ஈட்டர் கலத்துக்குள்ளேயே 27 மின்கம்பிச் சுருள்களை வைக்கிறார்கள்.

இதுவரை கேட்ட உங்களுக்குக் கொந்தளிப்பு ஒரு பகைவன் என்றே தோன்றியிருக்கும். நானும் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அந்த அளவில் அது சரிதான். ஆனால் கடைசி மூடிய காந்தப் பரப்புக்கு வெளியே கதை திரும்புகிறது. அங்கே காந்தக் கோடுகள் மூடியவை அல்ல. அவை டைவர்ட்டர் என்ற அடித்தகட்டில் போய் முட்டுகின்றன. வெளியேறிய வெப்பம் அந்தக் கோடுகள் வழியே விரைந்து போய்த் தகட்டில் ஒரு மெல்லிய பட்டையாக விழும். அந்தப் பட்டை எவ்வளவு அகலம்? இன்றைய டோக்காமாக்குகளின் அளவீடுகளைத் தொகுத்து 2013இல் தாமஸ் ஐஹ் கண்ட விதியை ஈட்டருக்கு நீட்டினால் வருவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். தகடு செய்யப்படும் டங்ஸ்டன் 3,422 டிகிரியில்தான் உருகும் உலோகம். ஈட்டரின் தகடு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட்டைத் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்படுகிறது. அதற்கே 1 மில்லிமீட்டர் பெரும் கவலை. 2017இல் பிரின்ஸ்டனின் சாங் குழுவினர் ஓக் ரிட்ஜின் மீக்கணினியில் விளிம்பைக் கணக்கிட்டபோது ஈட்டருக்கு மட்டும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வந்தது. காரணம், அவ்வளவு பெரிய இயந்திரத்தில் கொந்தளிப்பே பட்டையை அகலமாக்கிவிடுகிறது என்பது. ஆக, உள்ளே வெப்பத்தைத் திருடுவதும் கொந்தளிப்பு, வெளியே தகட்டைக் காப்பாற்றப் போவதும் அதுவாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். கொந்தளிப்பை அடியோடு ஒழிப்பது இலக்கு அல்ல. எந்த இடத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆள்வதுதான் இலக்கு. ஆதித்யாவில் இதற்கும் ஒரு சிறு சோதனை நடந்தது. வாயுவைக் குறுகிய நேரம் உள்ளே ஊதினால் விளிம்பின் ஏற்ற இறக்கம் அடங்குவதை 2009இல் அந்தக் குழு வெளியிட்டது.

2024இல் ஈட்டர் தன் கால அட்டவணையை மாற்றியது. ஆய்வு இயக்கம் 2034இல், டியூட்டீரியம்-டிரிட்டியம் 2039இல். அதே திருத்தத்தில் உட்சுவரை பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்றினார்கள். டங்ஸ்டன் அணுக்கள் பெயர்ந்து நடுப்பகுதிக்குப் போனால் ஒளியாக வெப்பத்தை இழக்க வைக்கும். ஆகவே எந்தத் திரள் எந்தச் சுவரில் முட்டுகிறது என்பது முன்னைவிட இப்போது முக்கியமாகிவிட்டது. அந்த இயந்திரத்தைச் சுற்றி நிற்கும் ஏறத்தாழ 3,850 டன் எடையுள்ள குளிர்கலத்தை இந்தியாதான் கொடுத்தது, குஜராத்தின் ஹசீராவில் செய்து.

மலேசியாவின் பங்கைச் சொல்லாமல் போனால் குறையாகும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங் 1980களில் ஒரே ஒரு மின்தேக்கியை வைத்து 3 கிலோஜூல் ஆற்றலில் இயங்கும் பிளாஸ்மாக் குவிப்புக் கருவியை உருவாக்கினார். காந்தத்தில் நெடுநேரம் அடைக்கும் வகை அல்ல. ஒரு கணம் நெருக்கிப் பிழியும் வகை. ஆனால் டியூட்டீரியத்தை நிரப்பினால் உண்மையான இணைவு நடந்து நியூட்ரான்கள் வெளிவரும். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகப் பயிற்சித் திட்டத்தின் வழியாக இந்தியா, பாகிஸ்தான், எகிப்து என்று பல நாட்டு ஆய்வாளர்கள் கோலாலம்பூருக்கு வந்து அதைக் கட்டக் கற்றுத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மாப் பயிற்சிச் சங்கம் 1988இல் கோலாலம்பூரில்தான் பிறந்தது. பெரிய இயந்திரம் இருந்தால்தான் பெரிய அறிவியல் என்பதை நான் ஏற்காததற்கு இந்த இரண்டு ஊர்களும், காந்திநகரும் கோலாலம்பூரும், போதுமான காரணம்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுப் பரிசுத் தொகையில் ஒரு பகுதியை, நம் மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து படிவம் ஆறில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளை ஒரு பிளாஸ்மா ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல ஒதுக்குங்கள். சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஒரு சலாகை, ஒரு அலைகாட்டி, அது பதிவு செய்த எண்கள் கிடைத்தால், மணி வடிவம் வருகிறதா வால் நீள்கிறதா என்பதை அந்தப் பிள்ளைகள் தாங்களே ஒரு மடிக்கணினியில் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்குக்குப் பள்ளிப் புள்ளியியலுக்கு மேல் அதிகம் தேவையில்லை. வர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் தங்கள் பெயரை என்னிடம் கொடுங்கள்.